கேரட்டைப் பிளந்த கத்தி

ஏழு வாரம் அறுத்து, ராவி, சுட்டு, தீட்டி முடித்த கத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் கொடுத்தேன். அதற்கு முன் செய்தித்தாளை நீளநீளமாக அறுத்துக் காட்டியாயிற்று. முன்கை முடியைக்கூட மழித்துக் காட்டினேன். அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. சாம்பாருக்கு எடுத்து வைத்திருந்த கேரட்டைப் பலகையில் வைத்துக் கத்தியை அழுத்தினார். கால் பாகம் இறங்கியது. அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம். கேரட் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

“என்னடா இது, கத்தியா ஆப்பா?”

ஆப்பு என்பதுதான் அதற்குச் சரியான பெயர். விளிம்பில் கூர் இருந்தது. விளிம்புக்குப் பின்னால் தடிமன் குறையவே இல்லை. வெங்காயம், கத்தரிக்காயில் இது தெரியாது. கேரட், பீட்ரூட்டில் கத்தி உள்ளே போனதும் இரண்டு பக்கமும் நெம்பிப் பிளந்துவிடுகிறது. இந்தத் தவறு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால், முதல் நாளே, கொல்லுப்பட்டறையில், என் வாயால்தான் ஆரம்பித்திருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு அரத்தில் இரண்டு நாள் போனது. பழைய அரத்தைக் கத்தியாக்கலாம் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். காயலாங்கடையில் 10 அங்குல அரம் ஒன்று கிடைத்தது. நல்லவேளையாக முழுவதையும் வீணாக்கவில்லை. விரல் நீளத் துண்டு ஒன்றை அறுத்து, பல்லையெல்லாம் தேய்த்தெடுத்துவிட்டு, சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்கினேன். பிறகு வைஸில் பிடித்து ஒரு சுத்தியல் அடி. கார்பன் அதிகம் உள்ள எஃகு என்றால் கண்ணாடி மாதிரி உடைய வேண்டும். இது சாவதானமாக வளைந்தது. மேல்தோலுக்கு மட்டும் கடினம் ஏற்றிய மலிவு அரம். அதைத் தூக்கி மூலையில் போட்டேன்.

அடுத்து ஸ்பிரிங் பட்டை. அதே கடையில் மினி லாரியின் பட்டை ஒன்று, 60 மி.மீ. அகலம், 7 மி.மீ. தடிமன், எடை 2 கிலோ, 120 ரூபாய். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தேன். ‘ணங்’ என்று இழுத்துச் சத்தம் வந்தால் விரிசல் இல்லை என்று கடைக்காரர் சொன்னார். வருஷக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த இரும்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். நடுவில் போல்ட்டுக்கான துளை இருக்கும். அந்த இடத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

7 மி.மீ. பட்டையை அரத்தால் ராவி மெல்லிசாக்குவதற்கு ஒரு ஆயுள் போதாது. காய்ச்சித் தட்ட வேண்டும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி. திருப்பாச்சி அரிவாள் என்று ஊரெல்லாம் சொல்வது இந்த ஊர் அரிவாளைத்தான். பட்டையைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோய் இறங்கினால், பட்டறை வாசலில் லாரிப் பட்டைகள் குவியலாகக் கிடக்கின்றன. பெரியவர் என் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இங்க கிடக்கிறது பத்தாதுன்னு நீ வேற தூக்கிட்டு வந்தியாக்கும்” என்றார்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு நோட்டை எடுத்து என் பெயர், ஊர், போன் நம்பர், எதற்கு என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

“சமையல் கத்திங்க. தட்டி மட்டும் குடுங்க, மிச்சத்தை நானே செஞ்சுக்கிறேன்.”

“காய்கறிக்கா, கறி வெட்டவா?”

“காய்கறிக்குத்தான்.”

“அப்ப முதுகு ரெண்டு, ரெண்டரை மில்லி போதும்.”

“இல்லைங்க, நாலு மில்லி இருக்கட்டும். உறுதியா இருக்கும்ல?”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “சரி, ஒன் இரும்பு.”

துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதி. பட்டை ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் குறட்டால் இழுத்துப் பட்டடைக்கல்லில் வைத்தார். எதிரே ஒரு இளைஞர் சம்மட்டி. பெரியவர் சின்னச் சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கே மட்டும் சம்மட்டி விழுகிறது. பேச்சே இல்லை. முதலில் உளி வைத்து நீளவாக்கில் ஒரு பட்டையைப் பிரித்தெடுத்தார்கள், அப்புறம் நீட்டினார்கள். ஏழெட்டுத் தடவை உலைக்குப் போய் வந்தது. 25 நிமிஷம்கூட ஆகவில்லை. 31 செ.மீ. நீளம், 45 மி.மீ. அகலம், தடிமன் இடத்துக்கு இடம் 4.2 முதல் 4.6 மி.மீ. வரை. கூலி 350 ரூபாய்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் புது அரத்தை எடுத்து ராவ உட்கார்ந்தேன். 12 அங்குலம், 420 ரூபாய். அரைமணி நேரத்தில் அரத்தின் நடுப்பகுதி பல் போய்விட்டது. இரண்டு தவறு. ஒன்று, தட்டின இரும்பின் மேல் கருப்பாக ஒட்டியிருக்கும் செதில், அரத்தைவிட முரடு. இரண்டு, காற்றில் தானாக ஆறின ஸ்பிரிங் இரும்பு பாதிக் கடினத்தில் நிற்கும். செதில் போக ஒரு இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தேன். ஒரு முனை அடைத்த பிளாஸ்டிக் பைப் துண்டுக்குள் நிற்கவைத்தால் கொஞ்சம் வினிகரே போதும். காலையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு.

அந்தப் பாதிக் கடினத்தைப் போக்கி இரும்பை இளக்குவதற்கு அடுப்பு வேண்டும். மொட்டைமாடியில் செங்கல்லை நீளவாக்கில் இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே துளை போட்ட முக்கால் அங்குல இரும்புக் குழாய். குழாயின் ஒரு முனையில் தங்கச்சியின் முடி உலர்த்தும் மெஷின். அவளிடம் அப்போது சொல்லவில்லை. அடுப்புக்கரி 4 கிலோ, 200 ரூபாய். இரும்பைச் சீராகச் சிவக்கவைத்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை என்றால் சுமார் 770 டிகிரியைத் தாண்டிவிட்டது. அப்படியே சாம்பலில் ஆழமாகப் புதைத்து, காலையில்தான் எடுத்தேன். அப்போதும் வெதுவெதுப்பு. அரம் இப்போது வெண்ணெயில் போவது மாதிரி போகாவிட்டாலும், கடித்தது. அதுவே பெரிய சந்தோஷம்.

நோட்டு அட்டையில் வடிவம் வெட்டி, இரும்பின் மேல் வைத்து மார்க்கரில் வரைந்தேன். வெட்டும் பகுதி 17 செ.மீ., பிடி 12 செ.மீ., அகலம் 42 மி.மீ. கிரைண்டரில் வெளிக்கோட்டை வெட்டியெடுக்க ஒரு மாலை. இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தியதில் தடிமன் 3.6 மி.மீ. ஆனது.

கூர் வரவேண்டிய விளிம்பின் நடுவில் கோடு கிழிக்க ஒரு சுலபமான வழி. இரும்பின் தடிமனே உள்ள டிரில் பிட் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், என்னிடம் 3.5 மி.மீ. இருந்தது. இரும்பையும் பிட்டையும் ஒரே கண்ணாடிமேல் படுக்கவைத்து, பிட்டின் நுனியால் விளிம்பைக் கீறிக்கொண்டே போனால் நுனி சரியாகப் பாதி உயரத்தில் நிற்கும். இரும்பைத் திருப்பிப் போட்டு மறுபடி கீறினால் இரண்டு கோடு நூலிடை வித்தியாசத்தில் விழும். அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில்தான் கூர் வரவேண்டும். இந்தக் கோடு இல்லாமல் ராவியிருந்தால் என் கத்தி பாம்பு மாதிரி போயிருக்கும்.

ராவுவதுதான் இதில் நீளமான வேலை. கத்தியைக் கட்டையில் ஸ்க்ரூவால் இறுக்கி, ஒரு பக்கம் 50 இழுப்பு, திருப்பி அந்தப் பக்கம் 50 இழுப்பு. எண்ணாமல் விட்டால் வலதுகைப் பழக்கத்தில் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்துவிடும். ஐந்து மாலை. சரிவு விளிம்பிலிருந்து 20 மி.மீ. உயரம் வந்ததும் கை போதும் என்றது, நானும் போதும் என்றேன். உண்மையில் அது முதுகு வரை, 42 மி.மீ. முழுக்கவும் ஏறியிருக்க வேண்டும். 4 மில்லி கேட்ட அவசரப் புத்தியும் பாதியில் நிறுத்திய சோம்பேறித்தனமும் சேர்ந்துதான் அந்த ஆப்பு. விளிம்பில் 1 மி.மீ. தடிமன் விட்டு வைத்தேன். சுடுவதற்கு முன் அதற்குக் கீழே மெல்லிசாக்கினால் தோய்ச்சலின்போது, அதாவது சுட்ட இரும்பை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, விளிம்பு நெளியும், வெடிக்கவும் செய்யும். அந்த 1 மி.மீ. தவறில்லை. தோய்ச்சலுக்குப் பிறகும் அதை அப்படியே விட்டதுதான் தவறு.

பிடிக்கு மூன்று ஆணி. மூன்று துளையும் தோய்ச்சலுக்கு முன்பே போட வேண்டும். இரண்டு போட்டேன், 6 மி.மீ. மூன்றாவதுக்குப் போகும்போது கரண்ட் போனது. நாளைக்குப் போட்டுக்கலாம் என்று கீழே இறங்கி வந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

தோய்ச்சலுக்கு எண்ணெய். வெல்டிங் பட்டறையில் 4 அங்குலக் குழாயை 35 செ.மீ. வெட்டி, அடியில் தகடு ஒட்டித் தந்தார்கள், 250 ரூபாய். அதில் இரண்டரை லிட்டர் சூரியகாந்தி எண்ணெய், 375 ரூபாய். தண்ணீரில் முக்கினால் இந்த மாதிரி இரும்பு வெடிக்க வாய்ப்பு அதிகம், எண்ணெய்தான் பாதுகாப்பு. எண்ணெயும் ஜில்லென்று இருக்கக்கூடாது. ஒரு கம்பியைச் சுட்டு உள்ளே விட்டு, குழாயை வெளியே தொட்டால் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்தேன், சுமார் 55 டிகிரி. பக்கத்தில் ஒரு வாளி மணலும் குழாய்க்கு மூடியும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

முதல் தடவை பகல் மூன்று மணிக்குச் செய்தேன். வெயிலில் இரும்பின் நிறமே தெரியவில்லை. முனைப்பக்கம் காந்தம் ஒட்டவில்லை, அவ்வளவுதான், எடுத்து முக்கிவிட்டேன். புஸ்ஸென்று புகை, ஒரு நொடி மேலே தீ, பிறகு அடங்கியது. மாடி முழுக்கத் தீபாவளிக்கு முந்தின நாள் வாசனை. எடுத்து அரத்தால் தொட்டுப் பார்த்தால், முனையில் வழுக்குகிறது, பிடிப்பக்கம் கடிக்கிறது. பாதிக் கத்திதான் கடினமாகியிருக்கிறது.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு மேல், மாடி விளக்கை அணைத்துவிட்டு மறுபடி. இருட்டில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. முனை சீக்கிரம் சூடேறுகிறது, அடிப்பகுதி தாமதம். அதனால் கத்தியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தேன், முனையை அடிக்கடி கரிக்கு வெளியே நீட்டினேன். மூன்று இடத்தில் காந்தம் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் ஒட்டாத பிறகு இன்னும் ஒரு இழை பிரகாசமாக விட்டு, கூர்ப்பக்கமும் முதுகும் ஒரே நேரத்தில் உள்ளே போகும்படி நேர்செங்குத்தாக இறக்கினேன். உள்ளே பக்கவாட்டில் அசைக்கக்கூடாது, மேலும் கீழுமாகத்தான். பத்து எண்ணி எடுத்து அரம் வைத்தால், கண்ணாடிமேல் ஆணி இழுக்கும் சத்தம். எல்லா இடத்திலும் அதே சத்தம். அந்த இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

சிரிப்பு கீழே வந்து விளக்கில் பார்க்கும்வரைதான். கத்தி இடதுபக்கம் 3 மி.மீ. வளைந்திருந்தது. இந்த நிலையில் கையால் நிமிர்த்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். உடையாதபடி கடினத்தைக் கொஞ்சம் தணிக்க ஓவனில் பதப்படுத்தும்போது சரிசெய்யலாம். கத்தியை ஒரு கனமான இரும்பு ஆங்கிளோடு சேர்த்து, வளைவின் நடுவில் நாணயம் ஒன்றை வைத்து, இரண்டு சி-கிளாம்ப்பால் எதிர்ப்பக்கம் லேசாக வளையும்வரை மெல்ல இறுக்கினேன். அந்தக் கோலத்திலேயே அக்கா வீட்டு ஓவனுக்குள். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அவள் ஓவனின் திருகு 200 என்று காட்டும்போது உள்ளே வைத்த தனி வெப்பமானி 230 காட்டியது. குறைத்து வைத்தேன், சூடு ஏறி இறங்காமல் இருக்க அடியில் ஒரு தட்டு மணலும் வைத்தேன். இந்த வேலைக்கு ஓவனின் எண்ணை நம்பக்கூடாது. வெளியே எடுத்தபோது தேய்த்து வைத்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, வளைவு அரை மில்லிக்குள் அடங்கியிருந்தது. அக்காவின் ஓவனில் அதற்குப் பிறகு சுட்ட முதல் கேக்கில் எண்ணெய் வாசனை வந்ததாகக் கேள்வி.

பிடிக்கு மரம். கடையில் ஈட்டி மரத் துண்டு வாங்கலாம் என்றுதான் இருந்தேன். பரணில் அப்பத்தாவின் உலக்கை இருந்தது ஞாபகம் வந்தது. அடிப்பக்கப் பூண் கழன்று, நுனி வெடித்து, வருஷக்கணக்காக யாரும் தொடாதது. அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. “மேல் பாதியை எடுத்துக்க, பூண் இருந்த பக்கம் கை வைக்காத” என்றார். தச்சரிடம் காட்டினேன். அறுத்த முகத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து ஆச்சா மரம் என்றார். ஒரு துண்டைப் பக்கெட் தண்ணீரில் போட்டேன், கல் மாதிரி அடிக்குப் போனது. நீளவாக்கில் 10 மி.மீ. பலகையாக இரண்டு அறுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. இத்தனை வருஷம் காய்ந்த மரம் என்பதால் சுருங்கும், திருகும் என்ற பயமில்லை. உள்நிறம் வெளியில் பார்த்ததைவிடப் பல மடங்கு ஆழம், கருப்பட்டி நிறம்.

திருப்பாச்சேத்திப் பெரியவர் சொன்ன முறை வேறு. கத்தியின் வாலை ஊசி மாதிரி மெல்லிசாக்கி, பழுக்கக் காய்ச்சி உருண்டைப் பிடிக்குள் இறக்கி, அரக்கு ஊற்றி, வாயில் ஒரு பூண். நம் ஊர் அரிவாள், கத்தி எல்லாம் அப்படித்தான். நான் பிடி முழுக்க இரும்பு போய் இரண்டு பக்கமும் மரம் ஒட்டும் முறையை எடுத்துக்கொண்டேன். கனம் கூடுகிறது என்பது ஒட்டின பிறகுதான் தெரிந்தது.

மரத்தை வைத்து ஆணிக்குத் துளை போடப் போகும்போதுதான் மூன்றாவது துளை. இரும்பில் துளை இல்லை. பிட்டை வைத்தால் வீல் என்று கத்துகிறது, நுனி நீலமாகிறது, இரும்பில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இரண்டு பிட் போனது. கடைசியில் கத்தியின் வெட்டும் பகுதியை நனைந்த துணியில் சுற்றி, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிற்கவைத்து, வெளியே நீட்டிய பிடிப்பகுதியை மட்டும் கேஸ் டார்ச்சால் நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் வரும்வரை சுட்டேன். துணி காயாமல் தங்கச்சி தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். முடி உலர்த்தும் மெஷின் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆறின பிறகு பிட் இறங்கியது.

6 மி.மீ. பித்தளைக் கம்பி 90 ரூபாய், அரால்டைட் 130. மரத்தின் முன்முகத்தை, கத்தியை நோக்கி இருக்கும் பக்கத்தை, ஒட்டுவதற்கு முன்பே உப்புத்தாள் போட்டு மெருகேற்றிவிட வேண்டும். ஒட்டின பிறகு அங்கே தேய்த்தால் கத்தியில் கீறல் விழும். இது மட்டும் எனக்கு முதலிலேயே தோன்றியது. கிளாம்ப்பை ரொம்ப இறுக்கிப் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, ஆணிகள் பிடித்துக்கொண்டன. ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டேன். பிறகு மர அரம், 80, 120, 220, 400 என்று தாள்கள். ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, நாளைக்கு ஒன்று. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டுக் காயவிட்டுத்தான் குப்பைக்கு.

தீட்டுக்கல் 400, 1000 இரண்டு பக்கம், 550 ரூபாய். கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 42 மி.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 17 டிகிரி வருகிறது. கையளவில் அந்த உயரம் பழக, 12 மி.மீ. கட்டைத் துண்டு ஒன்றைக் கல்லின் மூலையில் வைத்து அவ்வப்போது ஒப்பிட்டுக்கொண்டேன். எடை 288 கிராம். செய்தித்தாள் அறுபட்டது, முடி மழிபட்டது. அப்புறம்தான் அந்தக் கேரட்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து கேரட் துண்டை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்தேன். கூருக்குச் சற்று மேலே தடிமன் 1.1 மி.மீ. சமையலறையில் கிடந்த கடைக் கத்தியில் அதே இடத்தில் 0.3 மி.மீ. அது மொண்ணைக் கத்தி, முடியெல்லாம் மழிக்காது. ஆனால் கேரட்டை அறுக்கிறது.

இரும்பு இப்போது கடினம், அரம் பேசாது. கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்தான் வழி, உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய வட்டு. நான்கு டிஸ்க், ஒன்று 70 ரூபாய். கையுறை இல்லாமல் வெறும் விரலால் கத்தியைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். விரல் சுட்டால் உடனே தண்ணீர். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முக்கு. கிரைண்டரைப் பலகையில் அசையாமல் இறுக்கிவைத்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்திலேயே போகக்கூடாது. அப்படியும் நாலாம் நாள் முனையில் ஒரு நொடி நிறுத்திவிட்டேன். கண்ணெதிரே மஞ்சள், ஊதா, நீலம் என்று ஒரு திட்டு. 300 டிகிரிக்குப் போய்விட்டது, அங்கே கடினம் போச்சு. மெதுவாக அந்த 8 மி.மீ. முனையையே தேய்த்து எடுத்துவிட்டு, மூக்கை உருட்டிவிட்டேன். இப்போது கத்தி 16.2 செ.மீ. வடிவம் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

சரிவை முதுகு வரை ஏற்றி, கூருக்குப் பின்னால் 0.4 மி.மீ.க்குக் கொண்டுவந்து, மறுபடி 120இலிருந்து 600 வரை கையால் தேய்த்துத் தீட்டினேன். பிடியும் அம்மாவின் கைக்குத் தடி என்று புகார். 23 மி.மீ. இருந்ததை 19க்கு இறக்கினேன். அளவு பார்த்தபோது என் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், வெட்டுகிறவரின் கையை அல்ல. எடை 226 கிராம். கேரட் இப்போது சத்தமில்லாமல் அறுபடுகிறது. பீட்ரூட்டில் கடைசி அரை அங்குலத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் நெம்பல். முதுகு 3.6 இருக்கும்வரை அது போகாது.

முதல் வாரமே வாழைக்காய் நறுக்கிக் கழுவாமல் வைத்ததில் கத்தி முழுக்கக் கருநீலத் திட்டு. காயும் கறுத்துவிட்டது. வாழைப்பால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்ததும் திட்டு போய், மொத்தமாக ஒரே சாம்பல் நிறம் ஏறியது. அதன் பிறகு துரு வருவதும் குறைந்திருக்கிறது. தினமும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தேங்காய்க்கும் மீனுக்கும் அம்மா இன்னும் அரிவாள்மனைதான். வெங்காயமும் பீன்ஸும் என் கத்தியில்.

செலவைக் கூட்டினேன். பட்டை 120, கூலி 350, கரி 200, எண்ணெய் 375, குழாய் 250, அரம் 420, பித்தளை 90, அரால்டைட் 130, தாள்கள் 160, டிஸ்க் 280, கல் 550. மொத்தம் 2,925 ரூபாய், உடைந்த பிட்டுகளையும் பஸ் காசையும் சேர்க்காமல். கிரைண்டர், டிரில், கிளாம்ப் எல்லாம் முன்பே இருந்தவை. நேரம் 31 மணி, அதில் 9 மணி நேரம் ஆப்பைக் கத்தியாக்கியது மட்டும். முக்கிய வீதியில் 250 ரூபாய்க்கு இதைவிட மெல்லிய கத்தி கிடைக்கும். குழாயும் எண்ணெயும் கல்லும் அடுத்த கத்திக்கும் ஆகும் என்று கணக்கை முடித்துக்கொண்டேன்.

அடுத்த கத்திக்குப் போன வாரம் மறுபடி திருப்பாச்சேத்தி போனேன். இந்தத் தடவை பட்டை தூக்கிப் போகவில்லை. முதல் கத்தியைக் கொடுத்தேன். பெரியவர் கூரைப் பார்க்கவில்லை. முதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பிடியிலிருந்து முனைவரை ஒரு தடவை ஓட்டினார்.

“எத்தனை மில்லி கேட்ட?”

“நாலு.”

“நான் எத்தனை சொன்னேன்?”

நோட்டில் பழைய பக்கத்தைத் தேடி, என் பெயருக்குப் பக்கத்திலேயே இன்னொரு தேதியை எழுதினார். தட்டிக் கொடுத்த துண்டு இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. பிடிப்பக்கம் 2.7, முனைப்பக்கம் 2.1 மி.மீ. செதில் எடுத்து, சாம்பலில் இளக்கியாயிற்று. வடிவம்கூட இன்னும் வரையவில்லை. மூன்று துளையும் போட்டுவிட்டேன்.